ஃபைலை பிள்ளை கையில குடுங்க

கோபம் இன்னும் அடங்கல. அடங்கறதுக்குள்ள எழுதிடணும்னு உட்கார்ந்திருக்கேன்.

எங்க அக்கா பொண்ணுக்கு இப்ப 22 வயசு. 5 வயசுல அவளுக்கு ரத்தப் புற்றுநோய் வந்துச்சு. சிகிச்சை எடுத்தா, பிழைச்சா, வளர்ந்தா. இப்ப எம்.ஏ. தமிழ் படிக்கிறா. ஸ்கூட்டி ஓட்டறா. வீட்டுல யார் என்ன சொன்னாலும் ஒரு பதில் வச்சிருக்கா. (எங்களுக்கு அவ இன்னமும் பாப்பாதான். இங்கயும் பாப்பான்னே எழுதறேன். பேர் போடமாட்டேன்னு அவகிட்ட சத்தியம் பண்ணியிருக்கேன்.)

போன மாசம் ஒரு நாள், "சித்தி, மாடி ஏறினா மூச்சு வாங்குது"ன்னா. பக்கத்துல இருக்கற கிளினிக்குக்கு நான்தான் கூட்டிட்டுப் போனேன். "சின்ன வயசுல இவளுக்கு லுகேமியா டாக்டர், கீமோ குடுத்திருக்காங்க"ன்னு ஆரம்பிச்சேன். முடிக்க விடல.

"அதான் எப்பவோ குணமாயிடுச்சே. பழசை எதுக்கும்மா கிளறுறீங்க?"

அவ்ளோதான். நாக்கை நீட்டச் சொன்னார், கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார், சத்து மாத்திரை எழுதினார். அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுட்டாங்க.

மாத்திரையில தப்பில்லைங்க. அப்புறம் வேற இடத்துல டெஸ்ட் எடுத்தப்ப ரத்த சோகைன்னுதான் வந்துச்சு. எக்கோவும் நல்லா இருந்துச்சு. ஆனா எக்கோ எடுத்ததாலதான் இதயம் நல்லா இருக்குன்னு எங்களுக்குத் தெரியும். அந்த டாக்டருக்கு எப்படித் தெரியும்? அவர் கேட்கவே இல்லையே!

சரி, பழசை ஏன் கிளறணும்? அதைச் சொல்லிடறேன்.

பாப்பாவுக்கு அப்ப ஏத்தின மருந்துல ஒண்ணு செக்கச்செவேல்னு இருக்கும். வார்டுல அம்மாங்க எல்லாரும் அதை "சிவப்பு மருந்து"ன்னுதான் சொல்லுவாங்க. அது ஏறின அன்னிக்கு சிறுநீர் சிவப்பா போகும். புதுசா வந்த அம்மா பதறிப்போய் நர்ஸைக் கூப்பிடுவாங்க, பழைய அம்மா "அது மருந்துதான், பயப்படாதே"ன்னு தைரியம் சொல்லுவாங்க. அதோட பேரு டௌனோரூபிசின். டாக்ஸோரூபிசினும் அதே குடும்பத்து மருந்துதான். ரெண்டும் புற்றுநோயை அடிக்கிறதுல கெட்டிக்கார மருந்து. ஆனா இதயத் தசையையும் தொட்டுட்டுப் போகும். அன்னிக்கு ஒண்ணும் தெரியாது. பல வருஷம் கழிச்சு இதயம் பம்ப் பண்ற சக்தி குறையலாம். மொத்தமா எவ்வளவு ஏறிச்சுங்கறதைப் பொறுத்து ஆபத்து கூடும். உடம்புப் பரப்புல ஒரு சதுர மீட்டருக்கு 250 மில்லிகிராமைத் தொட்டிருந்தா அதிக ஆபத்துள்ளவங்கன்னு கணக்கு. அவங்களுக்கு ஒரு தொந்தரவும் இல்லைன்னாகூட குறிப்பிட்ட இடைவெளியில எக்கோ பார்க்கணும். இதே மருந்து எடுத்த பொண்ணுங்க கர்ப்பமாகறதுக்கு முன்னாடியோ, ஆன முதல் மூணு மாசத்துக்குள்ளயோ எக்கோ பார்த்துடணும். இந்த மருந்து எடுத்த யாருக்கும் பி.பி. இருந்தா ஆபத்து இன்னும் ஏறும். அதனால சின்ன வயசுதானேன்னு பி.பி. பார்க்காம விடக்கூடாது.

இது ஒரு மருந்தோட கதை மட்டும்தான்.

மூளைக்குக் கரண்ட் வச்ச பிள்ளைங்களுக்கு (ரேடியேஷனை நம்ம ஊர்ல அப்படித்தானே சொல்றோம்) வளர்த்தி குறையலாம், ஹார்மோன் குறையலாம், படிப்புல வேகம் குறையலாம். சிஸ்பிளாட்டின் எடுத்தவங்களுக்கு காதும் கிட்னியும் பார்க்கணும். சைக்ளோபாஸ்பமைடு, ஐபாஸ்பமைடு அதிகமா எடுத்தவங்க குழந்தைப்பேறு பத்தி முன்கூட்டியே டாக்டர்கிட்ட பேசணும். ஸ்டீராய்டு நிறைய எடுத்தா எலும்பு. ப்ளியோமைசின் எடுத்திருந்தா நுரையீரல். ஆபரேஷன்னு வந்தா மயக்க மருந்து டாக்டருக்கு அதை முன்னாடியே சொல்லணும். மார்புல கரண்ட் வச்ச பொண்ணுங்களுக்கு 25 வயசுலயோ, கரண்ட் வச்சு 8 வருஷம் கழிச்சோ, எது பின்னாடி வருதோ அப்ப இருந்து மார்பகப் பரிசோதனை ஆரம்பிக்கணும். மத்த பொண்ணுங்களுக்கு அந்த வயசுல யாரும் மேமோகிராம் எழுதமாட்டாங்க. அதனால இந்தப் பொண்ணு தானா கேட்டாத்தான் உண்டு.

படிச்சுட்டு பயந்துடாதீங்க. எல்லாருக்கும் எல்லாம் வராது. எந்த மருந்து, எந்த வயசுல, எவ்வளவுங்கறதைப் பொறுத்துதான் எல்லாம். நிறைய பேருக்கு ஒண்ணுமே வராது. ஆனா யாருக்கு எதைப் பார்க்கணும்னு தெரியறதுக்கு அந்தப் பழைய கணக்கு வேணும்.

அமெரிக்காவுல இப்படிப் பிழைச்சவங்களை வருஷக்கணக்கா பின்தொடர்ந்து ஒரு பெரிய ஆய்வு நடக்குது. 2006-ல அதோட முடிவு வந்துச்சு. 10,000 பேருக்கு மேல பார்த்திருக்காங்க. 62 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு நாள்பட்ட உடல்நலப் பிரச்சினை இருந்துச்சு. 27 சதவீதத்துக்கு மேல அது கடுமையானது, இல்ல உயிருக்கே ஆபத்தானது. (அவங்க 1970-லிருந்து 1986-க்குள்ள நோய் கண்டுபிடிக்கப்பட்டவங்க. அதுக்கப்புறம் சிகிச்சை முறை எவ்வளவோ மாறியிருக்கு. அதனால இந்த எண்ணை அப்படியே எடுத்து நம்ம பிள்ளை தலையில வைக்க வேண்டாம்.)

அதே ஆய்வுல இருந்த 635 பேர்கிட்ட, "உங்களுக்கு என்ன சிகிச்சை நடந்துச்சு?"ன்னு கேட்டிருக்காங்க. முடிவு 2002-ல வந்துச்சு. டௌனோரூபிசின் எடுத்தவங்கள்ல 30 சதவீதம் பேருக்குத்தான் அதை எடுத்தோம்னு நினைவு இருந்துச்சு. மருந்தோட பேரை எடுத்துக் குடுத்துக் கேட்டும் அவ்வளவுதான்!

நம்ம பாப்பாவும் அப்படித்தான் இருந்தா. "சிவப்பா ஒண்ணு, முதுகுல ஊசி, நிறைய ஐஸ்கிரீம்"னா. 5 வயசுப் பிள்ளைக்கு வேற என்ன நினைவு இருக்கும்?

இங்கதான் எனக்கு ரெண்டாவது கோபம்.

போன வருஷம் வரைக்கும் பாப்பா வருஷா வருஷம் சிகிச்சை எடுத்த ஆஸ்பத்திரியோட பிள்ளைகள் புற்றுநோய் ஓ.பி.க்குத்தான் செக்கப்புக்குப் போனா. நான் கூடப் போயிருக்கேன். சுவர் முழுக்க சோட்டா பீம். முழங்கால் உசர நாற்காலி. அதுல 21 வயசுப் பொண்ணு துப்பட்டாவை மடியில இழுத்து வச்சுட்டு உட்கார்ந்திருக்கா, பக்கத்துல ஒரு 3 வயசுக் குட்டி அவ செருப்பைக் கழட்டப் பார்க்குது. நர்ஸ் வந்து "குழந்தையோட அம்மா யாரு?"ன்னு கூப்பிட்டாங்க. எங்க அக்கா எழுந்தா. உள்ள போனா டாக்டர் அக்காவைப் பார்த்துத்தான் கேட்கறாங்க, "எப்படி இருக்கா? நல்லா சாப்பிடறாளா?" அக்காவும் உடனே, "எங்க டாக்டர், காலையில டிபனே தொடறதில்ல!"

(22 வயசு ஆனாலும் அம்மாக்களுக்கு டாக்டர்கிட்ட சொல்ல இந்த ஒரு புகார்தான்.)

அந்த டாக்டரம்மா தங்கமானவங்க. பாப்பாவைத் தூக்கி வளர்த்தவங்கன்னே சொல்லலாம். அவங்கதான் சொன்னாங்க, "நீ இனிமே பெரியவங்களுக்குப் பார்க்கற டாக்டர்கிட்ட போகணும்மா. எனக்குக் குழந்தைங்க உடம்புதான் தெரியும். உனக்கு நாளைக்குக் கல்யாணம், கர்ப்பம், பி.பி., சுகர்னு வரும்."

நியாயமான பேச்சு. ஆனா எந்த டாக்டர்?

பெரியவங்களுக்கான புற்றுநோய் டாக்டர்கிட்ட போனோம். "உனக்குத்தான் இப்ப நோய் இல்லையே, எங்கிட்ட எதுக்கு?"ன்னு கேட்டார். பொது மருத்துவர்கிட்ட போனோம். "கேன்சர் கேஸா? அப்ப நீங்க அங்கயே காட்டிக்கிறது நல்லது"ன்னார். இன்னொருத்தர் கேன்சர்ங்கற வார்த்தையைக் கேட்டதும் தலையிலிருந்து கால் வரைக்கும் ஸ்கேன் எழுதினார். சளிக்குப் போயிருந்தோம்!

ஒருத்தர் எதுவுமே வேண்டாங்கறார். ஒருத்தர் எல்லாமே வேணுங்கறார். ரெண்டுமே அவளோட பழைய சிகிச்சையைப் பார்க்காம சொன்னது.

கடைசியா ஒருத்தர் கிடைச்சார். எங்க வீட்டுலேர்ந்து ரெண்டு பஸ் மாறிப் போகணும். அவர் சொன்னது இதுதான்: "எனக்கு இந்த விஷயம் அவ்வளவா தெரியாது. அவளுக்கு என்ன குடுத்தாங்கன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. நான் படிச்சு வைக்கிறேன். எதுவும் சந்தேகம்னா அந்த டாக்டரம்மாகிட்ட போன்ல கேட்டுக்கறேன்."

எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. தெரியாதுன்னு சொல்லிட்டு, படிக்கிறேன்னும் சொல்ற டாக்டர் கிடைச்சா விட்டுடாதீங்க. பெரிய பட்டம், பெரிய ஆஸ்பத்திரி இதெல்லாம் அதுக்கு அப்புறம்தான்.

அவர் சொன்னாரேன்னு ஃபைலை எடுத்தோம்.

அக்கா அந்த ஃபைலை பட்டுப்புடவைக்கு அடியில வச்சிருந்தா. யார் கண்ணுலயும் படக்கூடாதாம். பச்சை பிளாஸ்டிக் உறை, ரப்பர் பேண்டு உருகி உறையோட ஒட்டிக்கிடந்துச்சு. உள்ள ரத்த டெஸ்ட் சீட்டு கட்டுக்கட்டா இருந்துச்சு. அந்தப் பளபளப்பான சுருள் காகிதத்துல எடுத்த பழைய ஈ.சி.ஜி. எல்லாம் வெள்ளைக் காகிதமா ஆயிடுச்சு. ஒரு கோடுகூட இல்ல. (அது சூடு பட்டு அச்சாகற காகிதம். வருஷம் போகப் போக எழுத்து அழிஞ்சுடும். உங்ககிட்ட இருந்தா இன்னிக்கே ஜெராக்ஸ் எடுங்க, இல்ல போன்ல போட்டோவாவது எடுங்க.) டிஸ்சார்ஜ் சம்மரியில சிகிச்சைங்கற இடத்துல ஒரே வரி: "எம்.சி.பி. 841 முடிந்தது."

அவ்ளோதான். வேற ஒண்ணும் இல்ல!

எம்.சி.பி. 841-ங்கறது ஒரு சிகிச்சைத் திட்டத்தோட பேரு. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனமும் நம்ம நாட்டு டாக்டர்களும் சேர்ந்து 1980-கள்ல கொண்டுவந்தது. மும்பை டாடா, அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, தில்லி எய்ம்ஸ் மூணு இடத்துலயும் ஒரே முறையா குடுத்தாங்க. அப்புறம் நாட்டுல இன்னும் பல இடத்துக்குப் பரவிச்சு. நம்ம நாட்டுல ரத்தப் புற்றுநோய் வந்த ஏராளமான பிள்ளைங்க பிழைச்சதுக்கு அதுதான் காரணம். அதுல சிவப்பு மருந்தும் உண்டு, தலைக்குக் கரண்டும் உண்டு. பிள்ளைப் புற்றுநோய் டாக்டருக்கு அந்த ஒரு வரி போதும். தெருமுனை டாக்டருக்கு அது வெறும் எழுத்தும் எண்ணும்தான்.

அப்புறம் ஆஸ்பத்திரியில எழுதி வாங்கின தாள்ல தலைக்குக் கரண்டுன்னு படிச்சப்ப பாப்பா ஒரு நிமிஷம் பேசாம இருந்தா. அப்புறம், "சித்தி, ஸ்கூல்ல கணக்கு எனக்கு அவ்வளவு மெதுவா வந்ததுக்கு இதுகூட காரணமா இருக்கலாமா?"ன்னு கேட்டா. இருக்கலாம்மா. அன்னிக்கு கணக்கு டீச்சருக்கு இது தெரிஞ்சிருந்தா அத்தனை திட்டு வாங்கியிருக்கமாட்டா. பரீட்சையில கூடுதல் நேரம் கேட்டிருக்கலாம்.

அந்தத் தாளை எப்படி வாங்கினோம்னு சொல்றேன், உங்களுக்கு உதவும்.

முதல்ல ரெக்கார்ட்ஸ் செக்ஷன்ல வாயால கேட்டோம். "பழைய ஃபைல் எல்லாம் குடோன்ல இருக்கு, கிடைக்காது"ன்னுட்டாங்க. அப்புறம் எழுதிக் குடுத்தோம். பாப்பா பேர்ல, அவ கையெழுத்துல, ஓ.பி. நம்பர் போட்டு. எழுதிக் குடுத்ததும் பேச்சே மாறிடுச்சு. இதுக்கு விதி இருக்குங்க. இந்திய மருத்துவ கவுன்சிலோட 2002 நெறிமுறை விதிப்படி நோயாளி கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள பதிவேடுகளைக் குடுக்கணும். ஆனா அதே விதியில இன்னொண்ணும் இருக்கு. உள்நோயாளிப் பதிவேட்டை சிகிச்சை ஆரம்பிச்சதுலேர்ந்து 3 வருஷம் வச்சிருந்தா போதும்.

3 வருஷம்!

லுகேமியா சிகிச்சையே ரெண்டு, ரெண்டரை வருஷம் போகும். பிள்ளைக்கு 5 வயசுல சிகிச்சை. அந்தப் பதிவேடு அவளுக்கு 25 வயசுலதான் வேணும், 40 வயசுலயும் வேணும். புற்றுநோய் வந்த பிள்ளைக்கு 3 வருஷ விதி எப்படிப் பொருந்தும்? இந்த விதியை மாத்தணும். நல்ல ஆஸ்பத்திரிங்க விதியைப் பார்க்காம பல வருஷம் பத்திரமா வச்சிருக்காங்க, அவங்களைக் கும்பிடணும். எங்களுக்குக் கிடைச்சது அப்படி ஒரு புண்ணியத்துலதான்.

பதிவேட்டை வச்சு டாக்டரம்மா உட்கார்ந்து ரெண்டே பக்கத்துல எழுதிக் குடுத்தாங்க. நீங்க கேட்கும்போது இதெல்லாம் இருக்கான்னு பாருங்க: நோயோட முழுப் பேர், கண்டுபிடிச்ச தேதி. ஒவ்வொரு கீமோ மருந்தோட பேர், மொத்தமா ஏறின அளவு. கரண்ட் வச்சிருந்தா உடம்புல எந்த இடம், எத்தனை கிரே (கரண்டோட அளவு). ஆபரேஷன் என்ன, எதையாவது எடுத்துட்டாங்களா (மண்ணீரல் எடுத்த பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தா வீட்டுல வச்சுக் காத்திருக்கக் கூடாது). ரத்தம் ஏத்தினது எப்ப. சிகிச்சை முடிஞ்ச தேதி. கடைசியா, ரொம்ப முக்கியமானது: இனிமே என்ன டெஸ்ட், எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை, என்ன அறிகுறி வந்தா ஓடி வரணும்.

வண்டிக்கு ஆர்.சி. புக் மாதிரிங்க அது. யார் கைக்கு வண்டி மாறினாலும் அதுவும் கூடவே போகணும்.

ஐரோப்பாவுல இதை ஒரு பாஸ்போர்ட்டாவே பண்ணியிருக்காங்க, பேரே "சர்வைவர்ஷிப் பாஸ்போர்ட்"தான். அமெரிக்காவுல குழந்தைப் புற்றுநோய் டாக்டர்கள் கூட்டமைப்பு எந்த மருந்துக்கு எதைப் பார்க்கணும்னு ஒரு பெரிய வழிகாட்டி போட்டிருக்கு. 2003-ல முதல் பதிப்பு, 2023-ல ஆறாவது. யார் வேணும்னாலும் இலவசமா இறக்கிக்கலாம். நம்ம புது டாக்டர் அதைத்தான் இறக்கிப் படிச்சார்.

நம்ம நாட்டுலயும் இல்லாம இல்ல. மும்பை டாடா மருத்துவமனையில 1991-லேயே பிழைச்ச பிள்ளைங்களுக்குன்னு தனி கிளினிக் ஆரம்பிச்சுட்டாங்க. சிகிச்சை முடிஞ்சு 2 வருஷம் நோய் இல்லாம இருந்தா பிள்ளைங்க அங்க போவாங்க. இந்தியன் கேன்சர் சொசைட்டியில "உகம்"னு ஒரு குழு இருக்கு. சின்ன வயசுல புற்றுநோயைத் தாண்டி வந்த இளைஞர்களே சேர்ந்து, இப்ப சிகிச்சையில இருக்கற பிள்ளைங்களுக்கும் பெத்தவங்களுக்கும் தைரியம் சொல்றாங்க. இந்த மாதிரி ஏற்பாடு ஒவ்வொரு மாவட்டத்துக்கும் வந்து சேரணும். பிழைக்க வைக்க இவ்வளவு பாடுபட்ட நாடு, பிழைச்சவங்களை ஓ.பி. வாசல்ல நிறுத்தி வைக்கலாமா?

இப்ப பெத்தவங்களுக்கு. (அக்கா, நீ இதைப் படிப்பேன்னு தெரியும். உன்கிட்ட சொன்னதைத்தான் இங்கயும் சொல்றேன்.)

பாப்பாகிட்ட "ரத்தத்துல கிருமி"ன்னுதான் அக்காவும் மாமாவும் சொல்லி வச்சிருந்தாங்க. பிள்ளை மனசு உடைஞ்சுடும்னு பயம். அந்தப் பயம் எனக்குப் புரியுது. வார்டுல பக்கத்துக் கட்டில் காலியானதைப் பார்த்தவங்க அவங்க. 14 வயசுல ஒருவழியா உட்கார வச்சு மாமா சொன்னார். பாப்பா கேட்டுட்டு, "எனக்கு 11 வயசுலயே தெரியும்ப்பா. ஆஸ்பத்திரி வாசல்ல அவ்ளோ பெரிய போர்டு வச்சிருக்காங்களே"ன்னா!

மாமா அழுதுட்டே சிரிச்சார்.

மூணு வருஷம் அந்தப் பிள்ளை தனியா தெரிஞ்சு வச்சிருந்திருக்கா. யார்கிட்டயும் கேட்கல. "நீங்க வருத்தப்படுவீங்கன்னு கேட்கல"ன்னா. பிள்ளையைக் காப்பாத்த அம்மா அப்பா மறைச்சாங்க, அம்மா அப்பாவைக் காப்பாத்த பிள்ளை மறைச்சா. இடையில அவளுக்கு வந்த சந்தேகத்துக்கெல்லாம் பதில் சொல்ல ஆள் இல்ல.

அதனால என் கருத்து என்னன்னா, 12, 13 வயசுலயே ஆரம்பிச்சுடுங்க. 18 முடிஞ்ச மறுநாள் திடீர்னு "இனி நீயே பார்த்துக்கோ"ன்னா எந்தப் பிள்ளையும் தடுமாறும். 13 வயசுல தன் நோயோட பேரைச் சொல்லத் தெரியட்டும். 15 வயசுல டாக்டர் அறையில பாதி நேரம் தனியா உட்காரட்டும், நீங்க வெளிய காபி குடிங்க. (அந்த வயசுல அம்மா முன்னாடி கேட்க முடியாத கேள்வி இருக்கும்ங்க. மாதவிலக்கு, கல்யாணம், சிகரெட், எல்லாம்தான்.) 17-ல அப்பாயின்ட்மென்ட் போன் அவங்களே பண்ணட்டும். 18-ல ஃபைல் கை மாறட்டும்.

பாப்பா விஷயத்துல இதெல்லாம் 20-க்கு மேலதான் நடந்துச்சு. நடந்த விதத்தையும் சொல்றேன். அந்தத் தாளோட புது டாக்டர்கிட்ட போறதுக்கு முன்னாடி நாள் ராத்திரி சாப்பாட்டு மேஜையில ஒத்திகை பார்த்தோம். நான் டாக்டர். "என்ன பிரச்சினைம்மா?" அவ சொல்லணும். முதல்ல திக்கினா, அக்கா இடையில புகுந்து பதில் சொன்னா. அக்காவை அடுக்களைக்கு அனுப்பிட்டோம். ரெண்டாவது தடவை நோய் பேர் சொன்னா, மருந்து பேர் மறந்துட்டா. அப்புறம் அவளே ஒரு வழி கண்டுபிடிச்சா. போன்ல ஒரு குறிப்பு எழுதி வச்சுக்கிட்டா, நாலே வரி: "எனக்கு 5 வயசுல லுகேமியா. டௌனோரூபிசின் எடுத்திருக்கேன், அதனால எக்கோ பார்த்துக்கணும். தலைக்கு ரேடியேஷன் உண்டு, அதனால தைராய்டும் ஹார்மோனும் பார்க்கணும். முழு விவரம் இந்த பி.டி.எஃப்.ல இருக்கு."

மறுநாள் அதைப் பார்க்காமலே சொன்னா. அக்கா என் கையை இறுக்கிப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தா, வாயைத் திறக்கல. டாக்டர் முதல் முறையா பாப்பாவைப் பார்த்துப் பேசினார்.

அந்த ரெண்டு பக்கத்தை ஸ்கேன் பண்ணி இப்ப மூணு இடத்துல வச்சிருக்கோம். அவ போன்ல, மெயில்ல, ஆபா கணக்குல. (ஆயுஷ்மான் பாரத் 14 இலக்க எண் இருக்கே, அது. இலவசம்தான்.) மூலப் பிரதி அவ பீரோவுல. பட்டுப்புடவைக்கு அடியில இல்ல.

கல்யாணப் பேச்சு வருமே, அதுக்கு என்ன பண்றதுன்னு அக்கா ராத்திரியெல்லாம் தூங்கறதில்ல. நிறைய வீட்டுல ஃபைலை ஒளிச்சு வைக்கிறதுக்கு இதுதான் காரணம். நேரா பேசிடலாம். குழந்தைகளுக்கு வர்ற புற்றுநோய்ல பெரும்பாலானது பரம்பரையா வர்றது கிடையாது. கண்ணுல வர்ற ரெட்டினோபிளாஸ்டோமா மாதிரி சிலது பரம்பரையா வரலாம், அவங்க மரபணு ஆலோசனை எடுத்துக்கணும். கீமோவும் கரண்டும் எடுத்துப் பிழைச்சவங்களுக்குப் பிறக்கற குழந்தைங்களுக்கு அந்தச் சிகிச்சையால பிறவிக் குறை அதிகமாகறதில்லைன்னு பெரிய ஆய்வுகளே சொல்லியிருக்கு. இதைத் தெளிவா சொல்லக்கூடிய டாக்டர்கிட்ட ரெண்டு வீட்டையும் உட்கார வைங்க. மறைச்சுக் கல்யாணம் பண்ணினா, அந்தப் பொண்ணு கர்ப்பமா இருக்கும்போது எக்கோ எப்படிக் கேட்பா? ரகசியத்தைக் காப்பாத்தறதா, இதயத்தைக் காப்பாத்தறதா?

ஹெல்த் இன்ஷூரன்ஸ்லயும் இதேதான். மறைக்காதீங்க. 2024-ல காப்பீட்டு ஆணையம் விதியை மாத்தியிருக்கு. ஏற்கனவே இருக்கற நோய்க்குக் காத்திருக்கற காலம் அதிகபட்சம் 3 வருஷம்தான், முன்னாடி 4. தொடர்ந்து 5 வருஷம் பிரீமியம் கட்டிட்டா, மோசடின்னு நிரூபிச்சாலொழிய பழைய நோயைச் சொல்லலைன்னு கிளெய்மைத் தள்ள முடியாது, முன்னாடி இது 8 வருஷம். படிவத்துல உண்மையை எழுதி, அந்த ரெண்டு பக்கத்தையும் இணைச்சு, பிள்ளையையே கையெழுத்துப் போட வைங்க.

டாக்டர்கள் யாராவது படிச்சா உங்ககிட்டயும் ஒண்ணு கேட்கறேன். 20 வயசுல ஒரு பையனோ பொண்ணோ வந்து "சின்ன வயசுல கேன்சர்"னு சொன்னா, என்ன நோய், என்ன மருந்து, கரண்ட் வச்சாங்களான்னு மூணு கேள்வி கேளுங்க. ரெண்டு நிமிஷம் ஆகும். பதில் தெரியாம முழிச்சா திட்டாதீங்க, எழுதி வாங்கிட்டு வரச் சொல்லுங்க. ஆஸ்பத்திரிகளுக்கும் அதே வேண்டுகோள்தான். சிகிச்சை முடிஞ்ச அன்னிக்கு மணி அடிச்சு, கேக் வெட்டி அனுப்பறீங்களே, மனசு நிறைஞ்சு போகுது. அந்தக் கேக்கோட அந்தத் தாளையும் குடுத்து அனுப்புங்க, தமிழ்லயும் ஒரு பக்கம் போட்டு.

உங்க வீட்டுல இப்படி ஒரு பிள்ளை இருந்தா இந்த வாரமே ரெண்டு வேலை பண்ணுங்க. ஒண்ணு, அவங்களைக் கூப்பிட்டு, "உனக்கு என்ன நோய் வந்துச்சு, என்ன மருந்து குடுத்தாங்க?"ன்னு கேளுங்க. பதில் வரலைன்னா இன்னிக்கே சொல்லுங்க. ரெண்டு, சிகிச்சை குடுத்த ஆஸ்பத்திரிக்கு எழுத்துல மனு குடுங்க. சிகிச்சை ஆரம்பிச்சு 3 வருஷம் ஆகலைன்னா தள்ளிப்போடவே போடாதீங்க. எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும் போய்க் கேளுங்க, எங்களுக்குக் கிடைச்சுது, உங்களுக்கும் கிடைக்கலாம்.

தாள் வந்ததும் பிள்ளை கையில குடுத்துடுங்க. இனிமே டாக்டர் அறையில பேச வேண்டியது அவங்கதான்.